விண்டோஸ் 98-க்கு நைட் ஷிஃப்ட்!

திருவள்ளூர் மாவட்டத்துக்காரங்களுக்குன்னு ஒரு தனிச் சோகம் உண்டு பாஸ். கும்மிடிப்பூண்டியும் எங்க மாவட்டம்தான். ஆனா திருவள்ளூர்ல இருந்து ரயில்ல போகணும்னா, அரக்கோணம் லைன்ல சென்னைப் பக்கம் வந்து, பேசின் பிரிட்ஜ்ல இறங்கி, கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிச்சு மறுபடி வடக்கே ஏறணும். தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற கதை! இன்டர்ன்ஷிப் புண்ணியத்துல 45 நாள் நான் அப்படித்தான் தொட்டேன்.

நான் இ.சி.இ. மூணாம் வருஷம். சிப்காட்ல ஒரு இரும்பு உருக்கற கம்பெனி. பேர் வேணாமே, ப்ளீஸ். ரோபோ, சென்சார்னு கலர் கலரா கனவு கண்டுட்டுப் போன என்னை, சேஃப்டி ஆபீஸர் நேரா கூட்டிட்டுப் போன இடம்... செக்யூரிட்டி கேட்! அங்கே மூலையில ஒரு பெருசு உட்கார்ந்திருந்தார். மனுஷன் இல்லீங்க, கம்ப்யூட்டர். பென்டியம் த்ரீ, விண்டோஸ் 98. ஒரு காலத்துல எடை மேடைக்கு லாரி எடை போட்டுட்டு இருந்ததாம். எடை மேடைக்குப் புது மெஷின் வந்ததும் இதுக்கு ரிட்டயர்மென்ட். இந்த விண்டோஸுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தினது 2006 ஜூலை 11. அப்போ நான் தவழ்ந்துட்டிருந்திருப்பேன்!

"புதுசா வர்ற கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு இதுலதான் சேஃப்டி வீடியோ காட்டுறோம். ஒவ்வொரு தடவையும் தேடித் திறக்க செக்யூரிட்டிக்கு முடியலை. தானா ஓடுற மாதிரி பண்ணிக் கொடுப்பா" என்றார் சார். புது கம்ப்யூட்டருக்கு அனுமதி கேட்டு எழுதின பேப்பர், எழுதின இடத்துலயே இருக்காம்.

'ஒரு டி.வி. வாங்கி பென் டிரைவைச் சொருகினா முடிஞ்சது, இதுக்கா ஒரு கட்டுரை?'ன்னு நீங்க கேக்குறது காதுல விழுது. நானும் கேட்டேன். டி.வி. பாட்டுக்கு ஓடும், முன்னாடி நிக்கறது யாரு, எந்த ஊருன்னு அதுக்குத் தெரியாது. கேட்ல நிக்கறவங்கள்ல பாதிக்கு மேல ஒடிசா, பீகார்க்காரங்க. வீடியோவோ சுத்தமான தமிழ்ல 12 நிமிஷம்! பார்த்து முடிச்சதும் பதிவேட்டுல கையெழுத்து. என்ன புரிஞ்சுதுன்னு யாரும் கேக்குறதில்லை.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தை 1987-ல திருத்தினப்போ 111ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. வேலையில உடம்புக்கும் உயிருக்கும் என்ன ஆபத்துன்னு நிர்வாகத்துக்கிட்ட தகவல் கேட்டு வாங்குறது தொழிலாளியோட உரிமைன்னு அதுல எழுதினாங்க. எந்த மொழியில கேட்கறது, எந்த மொழியில பதில் வரும்கிறதுதான் கேட்ல நடக்குற பிரச்னை.

சரி, வேலைக்கு வருவோம். ஸ்கிரிப்ட்னதும் பைத்தானை நினைச்சுக்காதீங்க. சாட்ஜிபிடி-கிட்ட கேட்டா அழகா ஒரு பவர்ஷெல் எழுதிக் கொடுத்தது. பவர்ஷெல் பொறந்ததே 2006-ல! பெருசுக்குப் புரியற பாஷை, பாட்ச் ஃபைல். நோட்பேட்ல பதினாலு வரி. 'சாய்ஸ்'ங்கற கட்டளை 1, 2, 3-ல எந்தப் பட்டன்னு கேட்கும். தமிழ் 1, இந்தி 2, ஒடியா 3. அழுத்தின நம்பர் 'எரர்லெவல்'ல வந்து உட்காரும். இதுல ஒரு குசும்பு இருக்கு. 'எரர்லெவல் 1'னு சோதிச்சா 'ஒண்ணு அல்லது அதுக்கு மேல'ன்னுதான் அர்த்தம். அதனால மூணுல ஆரம்பிச்சுக் கீழே இறங்கி வரணும். அப்புறம் 'ஸ்டார்ட்', கூடவே காத்திருக்கச் சொல்ற குறி. மீடியா ப்ளேயர் வீடியோவை ஓட்டித் தன்னைத்தானே மூடிக்கிட்டதும் ஸ்கிரிப்ட் மறுபடி முதல் வரிக்குப் போயிடும். மவுஸுக்கு வேலையே இல்லை!

வீடியோவை உள்ளே ஏத்துறதுதான் பெரும்பாடு. இப்போ நம்ம மொபைல்ல எடுக்கற வீடியோவைப் பார்த்தாலே பெருசுக்கு மூச்சு முட்டும். பழைய வி.சி.டி. தரத்துக்கு, 352-க்கு 288 புள்ளி, நொடிக்கு 25 படம்னு சுருக்கணும். அப்படியும் நிமிஷத்துக்குப் பத்து எம்.பி. ஃப்ளாப்பில ஏத்தினா ஒரு நிமிஷ வீடியோவுக்கு ஏழெட்டு ஃப்ளாப்பி! பென் டிரைவைச் சொருகினா, டிரைவர் எங்கேன்னு கேக்குது. கடைசியில காலேஜ் லேப்ல சி.டி. எழுதிட்டு வந்தேன். ஒடியாக் குரல் கொடுத்தது ஃபர்னஸ்ல வேலை பார்க்குற ஒரு அண்ணன். என் மொபைல்ல, சாப்பாட்டு நேரத்துல, கேன்டீன் வாசல்ல பதிவு பண்ணினது. நடுநடுவே தட்டு விழுற சத்தம் கேட்கும்.

கடைசியா ஒரு வரி. எப்போ, எந்த மொழி ஓடுச்சுன்னு ஒரு ஃபைல்ல குறிச்சு வைக்கணும். 98-ல 'டைம்'னு அடிச்சா நேரத்தைச் சொல்லிட்டு, 'புது நேரம் என்ன?'ன்னு கேட்டுட்டு என்டருக்காகக் காத்து நிக்கும். அதுக்கு ஒரு வெற்று வரியை பைப் பண்ணிவிட்டா தானே என்டர் தட்டிக்கும். பழைய டாஸ் ஆளுங்களுக்குத் தெரிஞ்ச வித்தைதான். ஆனா இந்த ஒரு வரிதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

பத்து நாள் கழிச்சு ஃபைலையும் பதிவேட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். பகல் சரி. ராத்திரி ஷிஃப்ட்ல பதிவேடு முழுக்கக் கையெழுத்து. ஃபைல்ல ஒரு வரிகூட இல்லை.

நைட் செக்யூரிட்டி அண்ணனுக்கு ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். அவரும் கான்ட்ராக்ட்தான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்து 'இன்ஜினீயர் தம்பி'ன்னு கூப்பிடுற ஆள். ஃபைலை நீட்டினா அவர் வேலை போயிடும். நீட்டலைன்னா பதினாலு வரியும் வெறும் பொம்மலாட்டம். அன்னிக்கு லோக்கலை விட்டுட்டு ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து அவர்கிட்டயே கேட்டேன்.

"தம்பி, வேன் வர்றதே ஒம்பது அம்பதுக்கு. பத்து மணிக்கு ஷிஃப்ட். நான் வீடியோ போட்டா அவனுங்களுக்கு அரை மணி நேரக் கூலி கட். 'சாப், சைன் பண்ணிட்டுப் போறோம்'னு அவனுங்களே கெஞ்சுறானுங்க. நான் என்னப்பா செய்ய?"

வேன் நேரம் கேட் பதிவேட்டுலயே இருந்தது. பதினாலு நாள் வேன் நேரத்தை ஒரு பக்கம், ஃபைலை ஒரு பக்கம் அடிச்சு, செக்யூரிட்டி யார்ங்கற காலமே இல்லாம, சேஃப்டி சார்கிட்ட கொடுத்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். யார் ட்யூட்டின்னு கேட்கலை. அந்த வாரமே வேன் ஒன்பதரைக்கு வந்தது. 12 நிமிஷ வீடியோவை நாலு நிமிஷத் துண்டுகளா வெட்டித் தரச் சொன்னார். முதல் துண்டு ஃபர்னஸ்.

அதுல ஒரு இடம். ஈரமான ஸ்கிராப்பை உருகின இரும்புக்குள்ள போட்டா, உள்ளே மாட்டின தண்ணி நொடியில ஆவியாகி வெடிச்சு, கொதிக்கிற இரும்பை வெளியே வீசும். மழை நாள்ல வெளியே கிடந்த ஸ்கிராப்பை நேரா தூக்கிப் போடக் கூடாது. ஒடியாவுல இது ஓடினப்போ என் வயசுப் பையன் ஒருத்தன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கலை. முடிஞ்சதும் அவனே போய் 3-ஐ அழுத்தினான். ரெண்டு மாசமா ஸ்கிராப் ஏத்துறானாம். யாரும் சொன்னதில்லையாம்.

இன்னொரு வெடிகுண்டு பெருசுக்குள்ளேயே இருந்தது. விண்டோஸ் 98 மில்லி செகண்டா எண்ணிக்கிட்டே போய், 49 நாள் 17 மணி நேரத்துல எண்ணிக்கை நிரம்பி, அப்படியே உறைஞ்சு போகலாம். 32 பிட்டுக்குள்ள அவ்வளவுதான் இடம். இதே மாதிரி எண்ணிக்கைக் கோளாறுக்குப் பயந்து மாசம் ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ண வேண்டியிருந்த ஒரு கம்ப்யூட்டரை அப்படியே விட்டதாலதான், 2004 செப்டம்பர் 14-ல லாஸ் ஏஞ்சலிஸ் பகுதி விமானங்களோட கட்டுப்பாட்டு மையத்துக்கு ரேடியோ தொடர்பு மணிக்கணக்குல அறுந்தது. என் இன்டர்ன்ஷிப் 45 நாள். பெருசு மூச்சடைக்கிறப்போ நான் இருக்க மாட்டேன்! 'ஞாயிறு காலையில அணைச்சுப் போடு'ன்னு செக்யூரிட்டி அண்ணன் சுவத்துல சாக்பீஸால எழுதிக்கிட்டார்.

கிளம்புற அன்னிக்கு ஃபைலை ஒரு தடவை திறந்து பார்த்தேன். முந்தின நாள் ராத்திரி 2 மணி 12 நிமிஷத்துக்கு யாரோ 3-ஐ அழுத்தியிருக்காங்க. அந்த நேரத்துக்கு வேன் எதுவும் வர்றதில்லை. வெளியே மழை பெஞ்ச ராத்திரி அது.