கம்பங்களுக்கு நடுவே ஒருத்தி

வெள்ளவத்தையிலே புகையிரதமேறிக் கோட்டைக்குச் செல்வோர்க்கு இடப்பக்கம் முழுவதும் கடல்தான். சென்ற சனிக்கிழமை பிற்பகல் அக்கடலைப் பார்த்தவாறே கோட்டையை அடைந்து, அங்கிருந்து பஸ் வண்டியிற் கொட்டாஞ்சேனைக்குச் சென்றோம். இரண்டும் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளே. ஆயினும் இயல்பு வேறு. மாலையானதும் வெள்ளவத்தைப் பிள்ளைகள் ரியூஷன் வகுப்புக்கு விரைவர். கொட்டாஞ்சேனையிலோ ஒழுங்கைகளிற் பந்து உருளும். ஒருபுறம் புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம், மறுபுறம் கோயில் மணியோசை, இடையே துறைமுகத்துக் காற்று.

நாம் சென்றது கோயிலுக்கன்று. எமது தமக்கையாரின் மகள் அங்கொரு மைதானத்திற் பெண்கள் உதைபந்தாட்டம் பயில்கிறாள். அதிலும் பந்துக் காப்பாளராக. "தம்பி, நீ படிப்பிக்கிறனி. நீ சொன்னாற் கேட்பாள். விரல் முறிஞ்சால் ஆர் பார்க்கிறது?" என்று தமக்கையார் எம்மை அனுப்பியிருந்தார்.

2012ஆம் ஆண்டில் தென்னாசியப் பெண்கள் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி இக்கொழும்பிலேயே நடைபெற்றது. இறுதியாட்டத்தில் இந்தியா நேபாளத்தை 3-1 என வென்றது. அந்நாட்களில் ஒருநாளேனும் நாம் சென்று பார்த்தோமில்லை.

கம்பங்களுக்கு நடுவே அவள் மிகச் சிறியவளாகத் தெரிந்தாள். 24 அடி அகலம், 8 அடி உயரம். ஆடவர்க்கும் மகளிர்க்கும் அளவு ஒன்றே. பெனல்டி எனும் தண்டனை உதை 36 அடி தொலைவிலிருந்து வரும். முதல் உதைக்கு வலப்பக்கம் பாய்ந்தாள். பந்து இடப்பக்கம் போயிற்று. அடுத்ததற்கு அசையாமல் நடுவிலே நின்றாள். அதுவும் மூலையிற் புகுந்தது. தோழியர் சிரித்தனர்.

இடைவேளையில் ஏன் அசையவில்லை என்று கேட்டோம். "பாய்ந்து தவறவிட்டால் பாவம், முயற்சித்தாள் எண்டு சொல்லுவினம், மாமா. நிண்டு தவறவிட்டால் மரம் மாதிரி நிண்டாள் எண்டு சொல்லுவினம். நிக்கத்தான் கூடத் துணிவு வேணும்" என்றாள்.

அவள் கூற்று வெறும் சமாதானமன்று. 2007இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வொன்று, முன்னணி ஆடவர் ஆட்டங்களின் 286 தண்டனை உதைகளை ஆராய்ந்தது. 100க்கு 28க்கு மேற்பட்டவை நடுப்பகுதிக்கே வந்தன; காப்பாளர் நடுவில் நின்றதோ 100க்கு 6 அளவே. சும்மா நின்றான் என்ற பழிக்கு அஞ்சியே பாய்கின்றனர் என்பது ஆய்வாளர் கருத்து. (பரீட்சையில் விடை தெரியாதபோதும் பக்கங்களை நிரப்பும் மாணவர் எம் நினைவுக்கு வந்தனர்.) அதே 2007ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நடீன் ஆங்கரர் என்னும் பெண், உலகக் கிண்ணத்தின் 6 ஆட்டங்களிலும் ஒரு கோல்தானும் விடவில்லை, இறுதியாட்டத்திற் பிரேசிலின் மார்த்தா அடித்த தண்டனை உதையையும் தடுத்தார். சென்னையிற் பிறந்த அதிதி சௌகான் 2015இல் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் மகளிர் அணிக்குக் காப்பாளரானார்.

"பந்து பத்துப் பேரைத் தாண்டித்தான் என்னட்ட வருது. உள்ளே போனபிறகு எல்லாரும் என்னையேதான் பார்க்கினம்" என்றாள் மருமகள். இதைச் சொல்கையில் அவள் முகத்திற் குறையேதுமில்லை. மீண்டும் கம்பங்களுக்கிடையே சென்று, கைகளைத் தட்டி, "அடி!" என்று கூவினாள்.

இருட்டியபின் இருவரும் வெள்ளவத்தைக்குத் திரும்பினோம். வாயிலிலே நின்ற தமக்கையார், "சொன்னியா?" என்றார்.

கையுறை கிழிந்திருக்கிறது, புதிது வாங்கவேண்டும் என்றோம்.