அடுப்படிப் புடவையின் நிறம்

ரகுபீர் சிங் 1942-இல் ஜெய்ப்பூரில் பிறந்தவர். புகைப்படக் கலை என்றால் கறுப்பு வெள்ளைதான் என்று பலரும் சொன்ன காலத்தில், கோடாக்ரோம் கலர் ஃபிலிமை நம்பியவர். தமிழ்நாட்டைப் பற்றியும் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். அம்பாசிடர் கார் கதவு, தெருவோரக் கடை, மழையில் ஒண்டி நிற்கும் பெண்கள் என்று அன்றாடம் நாம் பார்ப்பவைதான் அவர் படங்கள். அந்தச் சிவப்பையும் மஞ்சளையும் எடுத்துவிட்டால் படமே இல்லை.

எங்கள் வீட்டு ஆல்பத்தில் அம்மா பட்டுடுத்தி, ஸ்டுடியோவில் விறைப்பாக நிற்கிறாள். எல்லாம் கறுப்பு வெள்ளை. அடுப்படியில் தினம் கட்டிய நூல் புடவை அரக்கு என்கிறேன் நான். கத்தரிப்பூ என்கிறாள் தங்கை. தீர்த்துச் சொல்ல யாருமில்லை.

நண்பர்களே, கல்யாணத்துக்குக் காத்திருக்காதீர்கள். நாளைக் காலை, அவர் காபி ஆற்றும்போது ஒரு படம் எடுத்து வையுங்கள்.