ஒத்தை எலக்ட்ரானும் எழுபது வளைவும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு, மன்னிச்சுக்கோங்க. ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா கொல்லிமலை, பெரக்கரை நாடு. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, தலைசுத்தலோட போய் இறங்கினா, சித்தப்பா வாசல்லயே பிடிச்சுக்கிட்டார்.

"இவன் இஞ்சினியரிங் வேணாம், பிசிக்ஸ்தான் படிப்பேங்கறான். நீ சொன்னா கேப்பான்."

தம்பியைத் தனியா கூப்பிட்டு ஏன்டான்னு கேட்டேன். "அண்ணா, சத்தத்தை வெச்சு ஒத்த எலக்ட்ரானை நகத்துறாங்க தெரியுமா?" என்று நோட்டை விரித்தான்.

விஷயம் இதுதான். கேலியம் ஆர்சினைடு படிகத்துக்கு மேலே சீப்பு மாதிரி உலோக மின்முனைகள். அதில் அதிவேக மின் அலைவு கொடுத்தால் படிகம் அதிர்ந்து, பரப்பிலேயே ஒலி அலை ஓடும். கூடவே மின்னழுத்த மேடு பள்ளமும் ஓடும். வழியில் ஒரு ஒடுக்கமான வாய்க்கால். ஒவ்வொரு பள்ளமும் ஒரு எலக்ட்ரானைத் தூக்கிட்டுப் போகும். ரெண்டாவது ஏறப் பார்த்தா உள்ளே இருக்கறது தள்ளி விட்டுடும். நம்ம மலை பஸ்ஸுக்கு நேர் எதிர் :-)

1996-ல் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் இதைக் காட்டினார்கள். அலை சுமார் 2.7 கிகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 270 கோடி பள்ளம். பள்ளத்துக்கு ஒண்ணுன்னு கணக்குப் போட்டா மின்னோட்டம் ஏறக்குறைய 0.43 நானோ ஆம்பியர். 2011-ல் கேம்பிரிட்ஜிலும் பிரான்சின் கிரெனோபிளிலும் ஒரே ஒரு எலக்ட்ரானை ஒரு குவாண்டம் புள்ளியிலிருந்து இன்னொண்ணுக்கு அனுப்பினார்கள். கேம்பிரிட்ஜ்காரர்கள் அதையே அறுபது தடவைக்கு மேல் பந்து மாதிரி இங்கேயும் அங்கேயும் அடித்தார்கள். மொத்தம் ஓடின தூரம் கால் மில்லிமீட்டர்தான். குவாண்டம் கணினிக்குள்ளே தகவலைச் சுமக்க இது உதவலாம்னு எதிர்பார்ப்பு.

கேட்டுட்டு நான் கொஞ்ச நேரம் பேசலை. ப்ளஸ் டூவில் எனக்கும் பிசிக்ஸ்தான் பிடிச்சிருந்தது. வீட்டுக் கடன், கேம்பஸ் வேலை என்று வந்துட்டேன். வருத்தம்னு சொல்ல மாட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் கடன் அடைஞ்சது. ஆனா இப்போ கடன் இல்லையே?

ராத்திரி சித்தப்பாகிட்ட சொன்னேன்: "வேலை உடனே கிடைக்கும்னு பொய் சொல்ல மாட்டேன் சித்தப்பா. மேல மேல படிக்கணும், வருஷக்கணக்காகும். பீஸை நான் பாத்துக்கறேன்."

பதிலே இல்லை. காலையில் மிளகு மூட்டை கட்டிக்கிட்டே மெதுவா கேட்டார்:

"அந்த எலக்ட்ரான் கதையை இன்னொருவாட்டி சொல்லு, கேப்போம்."

தம்பியைக் கூப்பிட்டு அவனையே சொல்லச் சொன்னேன்.