நகராத ஸைக்கிள்

ஸைக்கிள் என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போவதற்காக ஏற்பட்ட வாகனம் என்றே நாற்பத்தாறு வயது வரையில் நாம் எண்ணியிருந்தோம்; பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லி வந்தோம். இப்போது நம் வீட்டுக் கூடத்தில் நிற்கும் ஸைக்கிளோ, தினந்தோறும் அரை மணி நேரம் ஓடியும் ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை.

காரணம் நம் இரத்தத்தில் ஏறிய சர்க்கரை. நம் தகப்பனாரும் உபாத்தியாயர்தான். கடைசி ஆறு வருஷம் நீரிழிவினால் பார்வை மங்கி, பத்திரிகையைப் பிறர் வாசிக்கக் கேட்டு வந்தார். வாசித்தவர் நாம். ஆகையால், மூன்று மாதச் சராசரி 8.4 என்று டாக்டர் சொன்னபோது நமக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. "நடங்கள்" என்றார். பழவேற்காட்டில் நடக்க இடமா பஞ்சம்? ஆனால் குப்பத்து மணலில் கால் புதையப் புதைய நடந்ததில் பழைய முழங்கால் வலி இரட்டித்தது. பொன்னேரிச் சாலையில், ஐப்பசி மழையில், வாகனங்களுக்கு நடுவே ஸைக்கிள் விடும் தைரியமும் நமக்கில்லை. உட்கார்ந்து மிதித்தால் உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் இருக்கை தாங்கிக்கொள்ளும் என்று டாக்டர்தான் இந்த யந்திரத்தைச் சொன்னார்.

இது ஏதோ புது மோகம் என்று நேயர்கள் நினைக்க வேண்டாம். 1796-லேயே லண்டனில் பிரான்ஸிஸ் லவுண்ட்ஸ் என்பவர் கையாலும் காலாலும் சுழற்றும் தேகாப்பியாச யந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1912-ல் புறப்பட்ட டைட்டானிக் கப்பலிலும் இத்தகைய ஸைக்கிள்கள் இருந்தன. நாலு பக்கமும் கடல். நடுவே நகராத ஸைக்கிள்!

முதலில் வாங்கியது, சுழலும் சக்கரத்தைப் பட்டையொன்று இறுக்கிப் பிடிக்கும் ஜாதி. விலை மலிவென்று, ஏறிக்கூடப் பாராமல் வாங்கினோம். காற்று வருமே என்று திண்ணையில் போட்டோம். ஒருபுறம் ஏரி, மறுபுறம் கடல். காற்று மட்டுமா வந்தது? உப்பும் வந்தது. ஒரே மழைக்காலத்தில் திருகாணிகள் துருவேறி, இருக்கை தாழ்ந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டது. தாழ்ந்த இருக்கையில் முழங்காலை மடக்கி மடக்கி மிதித்ததில் வலி முன்னைவிட அதிகமாயிற்று. மார்கழியில் அதன்மேல் நம் ஈர வேஷ்டி காய்ந்தது. அடுத்த பரிசோதனையில் சராசரி 8.9.

இரண்டாவதை வாங்கச் சென்னைக்குப் போனபோது நம் வீட்டு அம்மாளையும் அழைத்துப் போனோம். அதுதான் புத்திசாலித்தனம். புடவையுடன் சிரமமின்றி ஏறி இறங்க, நடுச்சட்டம் தாழ்ந்திருக்க வேண்டும். முந்தானை சிக்காதபடி சக்கரம் மூடியிருக்க வேண்டும் என்று கடையில் கண்டுபிடித்தவர் அவர்தான். நாம் பார்த்தது மற்ற விஷயங்கள். சக்கரத்தைத் தொடாமலே காந்தம் இழுத்துப் பிடிக்கும் வகையில் தேய்வதற்குப் பட்டை இல்லை, சத்தமும் குறைவு. சக்கரம் கனமாயிருந்தால் மிதி திக்கித் திணறாமல் சீராகச் சுழலும். மிதி அடிமட்டத்துக்குப் போகும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும்படி இருக்கையை உயர்த்திப் பத்து நிமிஷம் மிதித்துப் பார்த்தோம். கடைக்காரர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும். மின்சாரம் வேண்டாத வகையாகவே எடுத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, விளக்கணைந்த நம் வீட்டில் ஓடிய யந்திரம் அது ஒன்றுதான்.

இப்போது அதற்குக் கூடத்தின் உள்மூலை; மேலே மின்விசிறி. இறங்கியதும் வியர்வையைத் துடைத்துவிடுகிறோம். வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொன்ன கணக்கு. மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுவே மிதம். உழைக்கும் தொடைத் தசைகள் இன்ஸுலின் உதவியை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்துச் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடுமாகையால், நேரத்தை டாக்டரிடம் கேட்டே வைத்துக்கொண்டோம். யந்திரத்துப் பெட்டி காட்டும் கலோரி எண்ணிக்கை வெறும் உத்தேசம். அதை நம்பி நாம் கூடுதலாகச் சாப்பிட்ட வடைகள் எத்தனையோ!

ஏரியில் வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வதற்கு இவ்வூரில் 'பாடு' என்று பெயர். நம் வீட்டிலும் பாடு உண்டு. விடியற்காலை நம்முடையது, பகல் அம்மாளுடையது, மாலை கல்லூரிக்குப் போகும் பெண்ணுடையது. சென்ற பரிசோதனையில் நம் சராசரி 7.1. மருந்துக்கும், குறைத்துக்கொண்ட சோற்றுக்கும் அதில் பங்குண்டு.

சென்ற வாரம் பக்கத்துத் தெருப் பெரியவர் வந்திருந்தார். ஆழமில்லாத இந்த ஏரியில் நாற்பது வருஷம் கோல் ஊன்றிப் படகு தள்ளியவர். பிள்ளைகள் இயந்திரப் படகு வாங்கிய பிறகு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் இப்போது சர்க்கரை. "வாத்தியாரய்யா, இது எந்தக் கரைக்குப் போய்ச் சேரும்?" என்று சிரித்தார். இருக்கையை உயர்த்தி ஏற்றிவிட்டோம். கால் மணி நேரம் மிதித்துவிட்டு, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நாலு கிலோமீட்டர் என்றோம்.

"அட, அரங்கங்குப்பம் போய்ச் சேர்ந்திருக்கலாமே!" என்றவர், இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு எந்நேரம் வரட்டும்?" என்று கேட்டார். அம்மாளின் பாட்டில் கால் மணி நேரம் குறைத்து, அவருக்கும் ஒரு பாடு ஒதுக்கியிருக்கிறோம்.