திருவாரூர் செல்லும் வழியில் திருமுல்லைவாயில்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்த திருத்தலம் திருமுல்லைவாயில். சீர்காழிக்கு அருகில் திருஞானசம்பந்தர் பாடிய மற்றொரு திருமுல்லைவாயில் இருப்பதால், அதனைத் தென் திருமுல்லைவாயில் என்றும் இதனை வட திருமுல்லைவாயில் என்றும் வழங்குவர். மாசிலாமணீஸ்வரர் கொடியிடை நாயகியுடன் எழுந்தருளி அருள்பாலிக்கும் இத்தலம், தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று.

ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர்களின் குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. அவர்களுடைய பிள்ளைகளில் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். பொங்கலுக்கோ, கோடை விடுமுறைக்கோ, குடும்பத்தில் ஒரு திருமணத்துக்கோ அவர்கள் ஊர் திரும்புவதை முதியோர் நாட்காட்டியைப் பார்த்தபடி எதிர்பார்த்திருப்பர். வரும் நாள் பயணச் சீட்டில் அச்சாகும்போதே திரும்பும் நாளும் அச்சாகிவிடுகிறது. ஓரிடத்தில் கடமை, மற்றோரிடத்தில் உறவு. இரண்டுக்கும் நடுவே நெடிய வழி. இது இந்தக் காலத்துக்கு மட்டுமே உரிய துன்பம் என்று எண்ண வேண்டியதில்லை. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் இதே துன்பத்தைச் சுமந்தபடி இவ்வூருக்கு வந்து நின்றவர் தம்பிரான் தோழர் எனப் போற்றப்படும் சுந்தரமூர்த்தி நாயனார்.

தென்றல் தந்த நினைவு

திருநாவலூரில் அவதரித்த சுந்தரருக்கு இல்லம் அமைந்த ஊர் திருவாரூர். அங்கே பரவையாரை மணந்து, புற்றிடங்கொண்ட பெருமானை நாள்தோறும் வழிபட்டு வாழ்ந்தார். தல யாத்திரையாகத் தொண்டை நாட்டுக்கு வந்தவர், திருவொற்றியூரில் இறைவனுக்கு மாலை தொடுக்கும் திருத்தொண்டு புரிந்துவந்த சங்கிலியாரைக் கண்டார். அவரை மணம் புரிய விரும்பி ஒற்றியூர்ப் பெருமானையே வேண்டினார். திருவாரூரில் ஒரு மனைவி இருப்பதை அறிந்த சங்கிலியார், தம்மைப் பிரிந்து செல்வதில்லை என்று அவர் உறுதி கூற வேண்டும் எனக் கருதினார்.

தாம் சந்நிதியில் சத்தியம் செய்யும் வேளையில் இறைவன் சற்றே விலகி மகிழ மரத்தடியில் இருக்க வேண்டும் என்று சுந்தரர் தோழமை உரிமையுடன் கேட்டுக்கொண்டார். இறைவனும் இசைந்தார். ஆனால் சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்குமாறு அவரிடம் கூறிவிட்டார். வேறு வழியின்றி மரத்தடியில், இறைவன் திருமுன்பே, ‘உன்னைப் பிரியேன்’ என்று சுந்தரர் உறுதி கூற நேர்ந்தது. அந்த மகிழ மரத்தடி இன்றும் திருவொற்றியூர்க் கோயிலில் போற்றி வணங்கப்படுகிறது. மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை சிறப்பாக நடைபெறுகிறது.

காலம் இனிதே சென்றது. ஒருநாள் இளவேனிலின் தென்றல் வீசியது. திருவாரூரில் அது வசந்த விழா நடைபெறும் பருவம். புற்றிடங்கொண்டாரின் திருமுன்பு பரவையார் பாடியும் ஆடியும் வழிபடும் காட்சி சுந்தரரின் நெஞ்சில் எழுந்தது. பெருமானை இத்தனை நாள் மறந்திருந்தோமே என்னும் ஏக்கம் அவரை வாட்டியது. ஊர்த் திருவிழாவின் நினைவு வந்துவிட்டால் தொலைவில் இருப்பவருக்கு அதன்பின் உறக்கமில்லை. சுந்தரர் புறப்பட்டார். திருவொற்றியூர் எல்லையைத் தாண்டிக் கால் வைத்ததும் இரு கண்களும் ஒளி இழந்தன.

அவ்விடத்திலிருந்து சங்கிலியாரின் இல்லம் அருகில். திருவாரூரோ சோழ நாட்டில், பல நாள் நடைத் தொலைவில். திரும்பிச் சென்றிருந்தால் கொடுத்த வாக்கு நிலைத்திருக்கும். ஆயினும் உடன் வந்த அடியார்கள் வழிகாட்ட, கண் தெரியாத நிலையில் அவர் முன்னோக்கியே நடந்தார். அந்த நடையில் அவர் முதலில் வந்தடைந்த தலம் வட திருமுல்லைவாயில்.

வெட்டுண்ட மணி

சுந்தரர் வருவதற்கு முன்பே இத்தலத்துக்கு ஒரு வரலாறு உண்டு. குறும்பர்களை அடக்கப் படையெடுத்து வந்த தொண்டைமான் மன்னனின் யானை, இங்கிருந்த முல்லைக் கொடியில் கால் சிக்கி நின்றது. மன்னன் யானை மீதிருந்தபடியே வாளால் கொடியை வெட்ட, அடியிலிருந்து குருதி பெருகியது. பதறி இறங்கிப் பார்த்தவன் வெட்டுண்ட சிவலிங்கத்தைக் கண்டான். செய்த பிழைக்குத் தன் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தவனை இறைவன் தடுத்து ஆட்கொண்டார். வெட்டுண்டும் தாம் மாசற்ற மணியே என்று உணர்த்தியதால் மாசிலாமணி என்னும் திருநாமம் ஏற்பட்டது என்பது தல வரலாறு.

இறைவனின் திருமேனியில் இன்றும் அந்த வெட்டுத் தழும்பு உண்டு. அந்தக் காயத்தின் வெம்மை தணிய, ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புடனேயே காட்சி தருகிறார். சித்திரை மாதம் சதய நட்சத்திர நாளில் பழைய காப்பு களையப்பட்டுப் புதிய காப்பு சாத்தப்படுகிறது. அந்த நாளில் மட்டுமே இறைவனின் நிஜ ரூப தரிசனம் கிட்டும். தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட நிலையில் நந்தி இறைவனை நோக்காமல் கிழக்கு நோக்கி அமர்ந்துள்ளது. குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகக் கூறப்படும் வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டு சந்நிதியின் முன் நிற்கின்றன. கொடியிடை நாயகி சுவாமிக்கு வலப்புறம் எழுந்தருளி, அவரைப் போலவே கிழக்கு நோக்கி அருள்கிறாள். தல விருட்சம் முல்லை.

பாலி ஆற்றின் வடகரையில் உள்ள தலமென இவ்வூரைப் பாடும் சுந்தரரின் பதிகம், ஏழாம் திருமுறையில் 69-ஆவது. தொண்டைமானின் யானையை முல்லைக் கொடியால் கட்டி நிறுத்தி அவனுக்கு இன்பம் அளித்த கருணையை அதில் அவர் நினைவூட்டுகிறார். ஒருவன் அறியாமல் வெட்டினான். அவனுக்கு அருள் கிடைத்தது. தாமோ அறிந்தே சொல் தவறியவர். அதை அவர் மறைக்கவும் இல்லை. சங்கிலியின் பொருட்டாகவே தம் கண்களை இறைவன் எடுத்துக்கொண்டார் என்பதை வெளிப்படையாகச் சொல்லி, தாம் படும் துயரைக் களைய வேண்டும் என்று பாட்டுக்குப் பாட்டு இறைஞ்சுகிறார்.

இங்கே சிந்திக்கத்தக்க ஒன்று உண்டு. திருமுல்லைவாயிலில் சுந்தரருக்குப் பார்வை திரும்பவில்லை. ஊன்றுகோலும் கிடைக்கவில்லை. வேண்டினார், பாடினார், எழுந்து அடுத்த ஊருக்கு நடந்தார். வேண்டியது உடனே கைக்கு வராதபோதும் கால்கள் தளராமல் இருந்தனவே, அதுவே இத்தலத்தில் அவர் பெற்ற அருள் என்று கொள்ளலாம். காயத்தை மறைக்காமல் சந்தனம் பூசிக்கொண்டு அமர்ந்திருக்கும் பெருமானிடம், தம் காயத்தை முதலில் சொல்லிக்கொள்ளும் பேறு அவருக்கு வாய்த்தது.

பகுதி பகுதியாக வந்த அருள்

அடுத்து அவர் சென்ற தலம் திருவெண்பாக்கம். பிழை செய்தாலும் பெருமான் பொறுத்துக்கொள்வார் என்று நம்பியே பிழைத்துவிட்டதாக அங்கே முறையிட்டார். கோயிலில்தான் இருக்கின்றீரா என்று கேட்டார். இருக்கிறோம், நீர் செல்லலாம் என்று உள்ளிருந்து அயலாரிடம் பேசுவதுபோல் பதில் வந்தது. ஆனாலும் ஓர் ஊன்றுகோல் அருளப்பட்டது. அதனாலேயே இறைவனுக்கு ஊன்றீஸ்வரர் என்னும் திருநாமம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது பழைய கோயில் நீர்ப்பரப்புக்குள் அகப்பட்டதால், பூண்டியில் புதிய கோயில் எழுப்பப்பட்டது. இருந்த ஊரை விட்டு இடம்பெயரும் அனுபவத்தை இறைவனும் ஏற்றுக்கொண்டார் போலும்! திருவள்ளூரை அடுத்துள்ள அக்கோயிலை அன்பர்கள் திருமுல்லைவாயிலோடு சேர்த்து ஒரே நாளில் தரிசிக்கலாம்.

ஊன்றுகோலுடன் பழையனூர் ஆலங்காட்டை வணங்கிப் பாடி, காஞ்சிபுரம் அடைந்தார் சுந்தரர். ஏகாம்பரநாதர் இடக் கண்ணில் பார்வை தந்தார். பல தலங்களைப் பணிந்து சோழ நாட்டுக்குள் புகுந்தபோது உடலைப் பற்றியிருந்த பிணி, இன்று குத்தாலம் எனப்படும் திருத்துருத்தியில் குளத்தில் நீராடியதும் நீங்கியது. நிறைவாகத் திருவாரூரை அடைந்து, தம்மை விரும்பி அடிமைப்பட்டவரின் கண்ணைப் பறித்த பழி பெருமானுக்கே உரியது என்று தோழமையின் உரிமையோடு வாதிட்டார். வலக் கண்ணும் ஒளி பெற்றது. காஞ்சியிலும் ஆரூரிலும் அவர் பாடிய இப்பதிகங்களைக் கண் நோய் தீர வேண்டி ஓதும் வழக்கம் சிவனடியார்களிடம் இன்றும் உண்டு.

இறைவன் சத்தியத்தை மன்னித்துத் தள்ளிவிடவில்லை. சத்தியம் தவறியவனை வழியில் கைவிட்டுவிடவும் இல்லை. அடுத்த ஊர் வரை செல்ல எது தேவையோ அதை மட்டும் அவ்வப்போது தந்து, வீட்டு வாசல் வரை கொண்டு சேர்த்தார்.

மூடிய கதவு

கண் கிடைத்தது; ஆனால் கதவு திறக்கவில்லை. ஒற்றியூரில் நடந்ததை முன்பே கேள்வியுற்றிருந்த பரவையார் ஊடல் கொண்டு, சுந்தரர் தம் இல்லத்துக்கு வர இசையவில்லை. திருவாரூர் வீதியில் இறைவனே நள்ளிரவில் இருமுறை தூது நடந்தார். முதல் முறை சென்றவர் பரவையாரின் மறுமொழியுடன் திரும்பினார். இரண்டாம் முறையே ஊடல் தணிந்தது. இறைவனைத் தூது ஏவினாரே என்று சுந்தரர் மீது கடுஞ்சினம் கொண்டவர் ஏயர்கோன் கலிக்காமர். ஆகவேதான் இந்த வரலாறு முழுவதும் பெரியபுராணத்தில் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் இடம்பெற்றுள்ளது.

நெடுந்தொலைவு கடந்து வருபவருக்கு வழியை விடக் கடினமானது சில வேளைகளில் வாசற்படி. ஏன் இத்தனை நாள் வரவில்லை, ஏன் இத்தனை விரைவில் போகிறாய் என்னும் கேள்விகள் அங்கே காத்திருக்கின்றன. அவை நியாயமான கேள்விகள்தாம். பரவையாரின் கோபத்தைச் சேக்கிழார் எங்கும் குறை கூறவில்லை. ஆயினும் கதவு திறந்த பிறகே அந்தப் பயணம் நிறைவுற்றது.

இதனைப் பாடிய சேக்கிழார் பெருமானும் இந்தப் பகுதிக்கு உரியவர் என்பது மகிழ்ச்சிக்குரியது. பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரே அவர் அவதரித்த ஊர். சோழ மன்னனிடம் அமைச்சராகிச் சொந்த ஊரை விட்டுச் சென்றவர் அவர். சோழ நாட்டுத் திருநாகேஸ்வரத்தின் மீது கொண்ட பக்தியால், அதே பெயரில் ஒரு சிவாலயத்தைக் குன்றத்தூரில் எழுப்பினார். பணி செய்த நாட்டில் நெஞ்சைக் கவர்ந்த பெருமானைப் பிறந்த மண்ணுக்கு அழைத்து வந்தவர், ஊர் திரும்ப ஏங்கியவரின் உள்ளத்தை அத்தனை நுட்பமாக அறிந்திருந்ததில் வியப்பில்லை.

காத்திருந்த சங்கிலியார் என்ன ஆனார் என்று கேட்கத் தோன்றும். பரவையாரும் சங்கிலியாரும் கயிலையில் உமாதேவிக்குப் பணி செய்த கமலினி, அனிந்திதை என்னும் தோழியரே. நிலவுலகில் இரு வேறு ஊர்களில் வாழ்ந்து பிரிவைத் தாங்கிய இருவரும், நிறைவில் தேவியின் திருவடியில் மீண்டும் ஒருசேர அந்தத் தொண்டினையே பெற்றதாகச் சேக்கிழார் தம் காப்பியத்தை முடிக்கிறார். இங்கே காத்திருந்த எவருடைய காத்திருப்பும் வீணாகவில்லை.

வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூடும் நாளில், மேலூர் திருவுடை அம்மன், திருவொற்றியூர் வடிவுடை அம்மன், திருமுல்லைவாயில் கொடியிடை அம்மன் ஆகிய மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது பெரும் புண்ணியம் எனப் போற்றப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளின் விடுமுறையில் அத்தகைய நாள் அமைந்தால் நற்பேறு. அமையாவிட்டாலும் குறையில்லை. ஒரு மாலைப் பொழுதில் முல்லைவாயில் சந்நிதியில் அவர்களோடு நின்று, சுந்தரரின் பதிகத்தை ஒருமுறை ஓதினால் போதும். வந்தவர் நலமாக வந்ததற்கு நன்றியும், செல்பவர் செல்லும் வழிக்குத் துணையும் மாசிலாமணிப் பெருமானிடம் ஒருசேர வேண்டிக்கொள்ளலாம். அடுத்த ஊர் வரைக்குமான துணையை அவர் ஒருபோதும் மறுத்ததில்லை.