சீருடைக்கு முன் ஒரு பயிற்சி



சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் அவிநாசியிலுள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் சில மாதங்களாக ஒரு புதிய வழக்கம் நடந்து வருகிறது. மகன் தாளும் பேனாவுமாக அமர்கிறான். அவனுடைய அம்மா கைபேசியில் நேரத்தைப் பார்த்தபடி அச்சம், தோல்வி, தனிமை என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் எழுவதை அவன் 15 விநாடிக்குள் ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். இப்படி 60 சொற்கள்.

இராணுவ அதிகாரிகளைத் தெரிவு செய்யும் வாரியத்தின் ஐந்து நாள் தேர்வில் இதுவும் ஒரு பகுதி. படங்களைப் பார்த்துக் கதை எழுதும் தேர்வும் உண்டு. அதில் 12ஆவதாகக் காட்டப்படுவது வெற்றுத்தாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்ட மகன், பெங்களூருவுக்கு வரச்சொல்லும் அழைப்பை எதிர்பார்த்திருக்கிறான். அல்லாஹ் நாடினால் பரங்கிமலைப் பயிற்சிக் கழகம். அதன் பின்னர், எதிரியின் பொய்ப் பரப்புரையை அறிந்து முறியடிக்கும் உளவியல் நடவடிக்கைப் பயிற்சியைப் பெற வேண்டும் என்பது அவனுடைய ஆசை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்குத் தெரியும். 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், திருப்பூர்ப் பகுதியில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் காணொளிகள் பரவின. எங்கள் தெருவில் குடியிருந்த தையல் தொழிலாளர்கள் இருவர் அவற்றைக் கைபேசியில் காட்டி நடுங்கினார்கள். ‘இங்கே யாரும் உங்களைத் தொடமாட்டார்கள்’ என்று எவ்வளவு சொல்லியும் கேளாமல், மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் போனார்கள். அக்காணொளிகள் பொய்யான விளக்கத்துடன் பரப்பப்பட்டவை என்று அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு அறிவித்தார். ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள் நடந்த மோதல். மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கிடையே நடந்த மோதல். பீகார் அரசு அனுப்பிய குழுவும் நேரில் வந்து விசாரித்தது. அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்த மகன் எங்களிடம் கேட்டான்: “அத்தா, ஒரு அடிகூட விழாம ரெண்டு பேரை ஊரைவிட்டே ஓட வச்சிட்டாங்களே, அது எப்படி?”

அக்கேள்வி அவனை விடவில்லை. ஆனால் நாங்கள் அதிலிருந்து பாடம் கற்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். 2025 மே மாதம் எல்லையில் மோதல் நடந்த நாள்களில், ஏ.டி.எம்.கள் இரண்டு மூன்று நாள் மூடப்படும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. கண்ட மாத்திரத்தில் குடும்பக் குழுவில் அதைப் பகிர்ந்தோம். அதை நம்பிய உறவினர் ஒருவர், மருத்துவமனையில் இருந்த மனைவியைத் தனியே விட்டுவிட்டுப் பணம் எடுக்க இரவில் அலைந்திருக்கிறார். அது பொய்ச் செய்தி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் தெரிவித்ததைக் காட்டியவன் மகன்தான். “அத்தா, இதை யார் சொன்னதுன்னு பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டான். எங்களிடம் பதில் இல்லை.

அன்றிரவு இஷாவுக்குப் பின் சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனத்தை நாங்கள் மீண்டும் ஓதினோம். தீயவர் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்பது அதன் கருத்து. அமைதியைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ செய்தி வந்தால் உரியவர்களிடம் கொண்டு செல்லாமல் பரப்பிவிடுவோரை சூரத்துந் நிஸாவின் 83ஆம் வசனம் கண்டிக்கிறது. எத்தனையோ முறை ஓதிய வசனங்கள்தாம். அவை எங்கள் கட்டைவிரலுக்கும் உரியவை என்று அதுவரை நினைத்ததில்லை.

மகன் புறப்படும் நாள் நெருங்க நெருங்க, வீட்டில் வேறோர் அச்சம் தலைதூக்கியது. எங்கள் தாயார் ஒருநாள் மெல்லக் கேட்டார்: “நம்ம புள்ளையை அங்க நம்புவாங்களாப்பா?” இக்கேள்வியும் யாரோ எங்கோ விதைத்த அச்சத்தின் விளைச்சல்தான். ஆயினும் அதைச் சிரித்துத் தள்ள எங்களால் முடியவில்லை. மகன்தான் பாட்டியின் அருகே அமர்ந்து பிரிகேடியர் முஹம்மது உஸ்மானின் வரலாற்றைச் சொன்னான். பிரிவினையின்போது அவர் சார்ந்திருந்த பலூச் ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குச் சென்றது. அங்கு வருமாறு அவரை வற்புறுத்தினார்கள். அவரோ இந்தியாவிலேயே நின்றார். 1948இல் நௌஷேராவைக் காத்தார். அவ்வாண்டு ஜூலை 3 அன்று ஜாங்கரில் உயிர்நீத்தார். டெல்லி ஜாமியா மில்லியா வளாகத்தருகே அடக்கமானார். “ஆசை காட்டினாங்க, அசையலை நன்னிமா” என்றான். தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அவன் தலையில் கைவைத்து ஓதி ஊதினார்.

உளவியல் போர் என்றாலே பொய்தான் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். போரில் எதிரியை ஏமாற்றும் தந்திரத்துக்கு மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் வாக்குறுதியை முறிக்க இடமில்லை. ஹிஜ்ரி 8இல் மக்காவை நெருங்கிய நபி (ஸல்) அவர்கள், மர்ருழ் ழஹ்ரானில் தோழர்கள் ஒவ்வொருவரையும் இரவில் நெருப்பு மூட்டச் செய்தார்கள். அந்நெருப்புகளைக் கண்ட குறைஷித் தலைவர்கள் திகைத்தார்கள். மக்கா ஏறத்தாழ இரத்தம் சிந்தாமலே வெற்றிகொள்ளப்பட்டது, பொதுமன்னிப்பும் வழங்கப்பட்டது.

நம் காலத்துக்கு அருகிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1971 டிசம்பரில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்த வீரர்களிடம், சரணடைந்தால் கண்ணியமாக நடத்தப்படுவீர்கள் என்று ஜெனரல் மானெக்‌ஷா வானொலி மூலமும் துண்டறிக்கைகள் மூலமும் தெரிவித்தார். டிசம்பர் 16 அன்று சரணடைந்தோர் ஏறத்தாழ 93,000 பேர். அந்தத் தளபதி தம் முதுமையைக் கழித்தது, எங்கள் ஊரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் வரும் குன்னூரில். எதிரியே நம்பக்கூடிய வாக்கு எவ்வளவு வலியது என்பதை மகன் எங்களுக்கு விளக்கியது அவ்வழியே பேருந்தில் சென்றபோதுதான்.

தேர்வுக்காகச் சில விடைகளை மனப்பாடம் செய்யலாமே என்று ஒருமுறை சொன்னோம். அவன் மறுத்தான். 15 விநாடியில் பொய்யைத் தேட நேரமிருக்காது, உள்ளே இருப்பதுதான் வெளியே வரும் என்றான். அப்படியானால் உள்ளே இருப்பதை வைத்தவர்கள் யார்? நாங்கள்தான். அவன் எங்களிடம் கேட்டு வளர்ந்த பேச்சு, நாங்கள் பகிர்ந்த செய்தி, அண்டை வீட்டாரைப் பற்றி உண்ணும்போது உதிர்த்த சொல், எல்லாமே அந்தத் தாளில் வந்து விழும்.

ஆகவே இப்போது எங்கள் குடும்பக் குழுவில் ஓர் ஒழுங்கு உண்டு. யார் சொன்னது என்று தெரியாத எதையும் பகிர்வதில்லை. அச்சமூட்டும் செய்தி வந்தால் முதலில் ஹஸ்புனல்லாஹ் ஓதி, பிறகு விசாரிக்கிறோம். இருமுறை தவறியும் இருக்கிறோம். இருமுறையும் மன்னிப்புக் கேட்டோம்.

மகன் தேர்வாவானா என்பது அல்லாஹ்வின் நாட்டம். தேர்வானாலும் ஆகாவிட்டாலும், பயிற்சி இந்த வீட்டில் தொடங்கிவிட்டது. அவனுக்காகவும், வெளியூர் அனுப்பிய பிள்ளைகளின் செய்திக்காகக் கைபேசியைப் பார்த்திருக்கும் எல்லாப் பெற்றோருக்காகவும் துஆ செய்யுங்கள்.