கடைசி வரிசைக்கு எட்டும் வண்ணம்

சாலவாக்கத்தில் ஒரு பள்ளி வகுப்பறை. பெஞ்சுகள் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. தரை முழுக்க வெள்ளைக் காடாத்துணி: பதினெட்டடி நீளம், பத்தடி அகலம். மூலைகளில் செங்கல் வைத்து இழுத்துப் பிடித்திருந்தார்கள். நடுவில் வெறுங்காலோடு நின்றிருந்த ஓவியருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதிப் பிழைத்தவர். பிளெக்ஸ் வந்த பிறகு வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போனவர். மாணவர் நாடகத்துக்காக அவரை அழைத்திருந்தார்கள்.

அவர் 'வரைகிறேன்' என்று சொல்லவில்லை, 'சீன் எழுதறேன்' என்றார். ஓவியத்துக்கு 'எழுதுதல்' என்பதே நம் பழைய சொல். ஏடறியாமலே அதை அவர் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

நாடகம் குடவோலை பற்றியது. பக்கத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளில், முதலாம் பராந்தகன் காலத்துத் தேர்தல் விதிகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிந்திருந்தது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். தேர்வான முப்பது பேரில் ஆறு பேர் ஏரி வாரியத்துக்கு.

அந்த ஆறு பேர்தான் ஓவியரின் மனத்தைப் பிடித்துக்கொண்டார்கள். திரையில் மண்டபம் மட்டும் போதும் என்று ஆசிரியர் சொல்ல, "ஏரிக்கு வாரியம்னு வசனம் இருக்குதே, ஏரி இல்லாம எப்பிடி?" என்று தூண்களுக்கு இடையே ஏரிக்கரையும் நான்கு பனைகளும் வைத்தார். பிள்ளைகள் அன்றாடம் பார்க்கும் கரைதான் அது.

வேலையை நாள் முழுவதும் பார்த்தேன். முதல் நாள் இரவே வச்சிரப் பசையைத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். காலையில் அந்தப் பாத்திரத்தைக் கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்து இளக்கினார். நேரடியாக அடுப்பில் வைத்தால் ஒட்டும் சத்து போய்விடும். அதில் சாக்பவுடரைக் குழைத்துத் துணிக்கு முதல் பூச்சு. வச்சிரம் கூடினால் சுருட்டும்போது துணி வெடிக்கும், விளக்கு பட்டுப் பளபளக்கும். குறைந்தால் நிறம் கையோடு வரும். இரண்டு விரலுக்கிடையே தொட்டு இழுத்துப் பார்த்தே பதம் சொன்னார்.

காய்ந்ததும் இரண்டு மாணவிகள் ஆளுக்கொரு முனை பிடிக்க, காவி தோய்த்த நூலை இழுத்துத் தட்டினார். தூண்களுக்கு நேர்க்கோடு விழுந்தது. நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்ட சிறு படம், அதே கணக்கில் துணியில் பெரிதாயிற்று. ஈரத்தில் அடர்ந்து தெரிந்த நிறம் காயக் காய வெளுத்தது. அதனால் ஒவ்வொரு கலவையையும் ஒரு ஓரத்தில் தடவி, காயும்வரை காத்திருந்தார்.

அருகில் குனிந்து பார்த்தேன். பனையோலை வெறும் பச்சைத் தீற்றல்களாக இருந்தது. "கடைசிக்குப் போய் நின்னு பாருங்க சார்" என்றார். வராந்தாவின் மறுகோடியிலிருந்து கதவு வழியே பார்த்தபோது, அதே தீற்றல்கள் காற்றில் விரிந்த ஓலைகளாக இருந்தன. "முன்னாடி வரிசைக்கு எழுதினா பின்னாடி ஒண்ணும் தெரியாது. கடைசில உக்கார்ற ஆயாவுக்குத்தான் எழுதணும்."

நடுப்பகுதியை ஏன் வெளுப்பாக விட்டார் என்று ஒரு பையன் கேட்டான். "அங்கதான்டா நீ நிக்கப்போற. அங்க நான் எழுதிட்டா உன் மூஞ்சி எப்பிடித் தெரியும்?"

எனக்கு அந்தப் பதிலிலேயே இந்தக் கலையின் அறம் முழுவதும் தெரிந்தது.

இந்தப் பக்கம் கூத்து மண். தெருக்கூத்தில் எழுதிய சீன் கிடையாது. இருவர் பிடிக்கும் ஒரு திரைக்குப் பின்னிருந்து மர அணிகள் பூண்ட கட்டை வேஷம் புறப்பட்டால், காடும் அரண்மனையும் பாட்டிலேயே எழும்பிவிடும். எழுதிய படுதாக்கள் கம்பெனி நாடகங்களோடு ஊர் ஊராய்ப் பரவியவை. தர்பார் சீன், காட்டுச் சீன், தெருச் சீன் என்று சுருட்டிக்கொண்டு திரிந்தார்கள். சென்னை ஓவியப் பள்ளியில் படித்த சி. கொண்டையராஜூ அப்படியொரு கம்பெனியில் சீன் எழுதியவர். 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் அவருடைய மாணவர்களும் எழுதிய சாமிப் படங்கள் காலண்டர் வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தன. நாம் கும்பிட்ட முருகனுக்கும் லட்சுமிக்கும் பின்னால் மலையும் தாமரைக்குளமும் நாடகத் திரையின் சாயலோடு நிற்பது அதனால்தான்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. நாடகத்துக்கும் அதில் இடமுண்டு. ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பின்திரைக்கு பிளெக்ஸ் அச்சடிக்கச் சொல்லும் முன், உங்கள் ஊரில் கடைப்பலகை எழுதியவர் யார் என்று விசாரியுங்கள். அவரை அழைத்து, பிள்ளைகள் கையில் தூரிகையைக் கொடுங்கள். பிளெக்ஸ் ஒரு நாள் தொங்கிவிட்டுக் குப்பைக்குப் போகும். காடாத்துணியை மடிக்காமல் மூங்கிலில் சுருட்டி வைத்தால் அடுத்த ஆண்டும் எடுக்கலாம். வேண்டாமென்றால் அதன் மேலேயே வெள்ளை பூசி வேறு சீன் எழுதலாம்.

மாலையில் துணியின் பின்புறத்தில் ஓவியர் எதையோ எழுதினார். தன் பெயராக இருக்குமென்று நினைத்தேன். நூல் பிடித்த, நிறம் கரைத்த பதினொரு மாணவர்களின் பெயர்கள் அங்கே இருந்தன.